பேரம் பேசாத மானும் ட்ரெட்மில் விற்ற கரடியும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் முளைத்த மறுவருஷம், சடையப்பன் என்ற கரடியும் அதன் மனைவி பூங்காவனமும் ஒரு பாறைக் குகையில் குடியிருந்தன.

சடையப்பன் நல்ல கரடி. யார் எதைச் சொன்னாலும் நம்பும். 'முப்பதே நாளில் தொப்பை கரையும்' என்று ஒரு விளம்பரம் சொன்னதை நம்பி, தை மாதம் ஒரு ட்ரெட்மில் வாங்கிப் போட்டது. மூன்று நாள் அதன் மேல் ஓடியது. நாலாம் நாள் முழங்கால் வலித்தது. ஐந்தாம் நாளிலிருந்து பூங்காவனம் அதன் மேல் இலுப்பைப்பூ காயவைத்தது.

ஆவணியில் பூங்காவனம் மாசமாக இருந்தது. கார்த்திகையில் பிரசவம். குகைக்கோ கதவு கிடையாது. போதாக்குறைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுத்தை புதிதாகக் குடிவந்திருந்தது.

"ஏங்க, குட்டி பிறக்கிறதுக்குள்ள ஒரு கதவு போட்டுருங்க" என்றது பூங்காவனம். "நேத்து அந்தச் சிறுத்தை வாசல்ல வந்து நின்னு, 'எப்போ விசேஷம்?'னு ரொம்ப அக்கறையா விசாரிச்சுட்டுப் போச்சு."

சடையப்பனுக்கு முதுகு முடி சிலிர்த்தது. உடனே தச்சு வேலை செய்யும் மரங்கொத்தியைக் கூப்பிட்டு விசாரித்தது. மரங்கொத்தி வாசலை அளந்து பார்த்து, "பத்தாயிரம் ஆகும். கடன் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் பறந்தது. கரடிகளின் சேமிப்பில் நாலாயிரம்தான் இருந்தது. அப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் ட்ரெட்மில்லைத் திரும்பிப் பார்த்தன.

காட்டில் 'ஏலேலோ' என்றொரு ஆப் உண்டு. பழைய சாமானைப் படம் பிடித்துப் போட்டால், வேண்டியவர்கள் ஏலம் கேட்பார்கள். சடையப்பன் இலுப்பைப்பூவை வழித்துப் போட்டுவிட்டு, நாலு பக்கமும் படம் எடுத்து, 'அதிகம் ஓடாதது, ஆரம்ப விலை எட்டாயிரம்' என்று போட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் முழுக்க யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஒரே தாவலில் இருபதாயிரம் என்று ஏலம் வந்தது. கேட்டவர் பெயர் கர்னல் கருடராஜன். படத்தில் ஒரு கழுகு தொப்பியும் பதக்கமுமாக விறைப்பாக நின்றது. ஐந்து நிமிஷத்தில் போனும் வந்தது.

"வணக்கம் சார். நான் எல்லையில காவல்ல இருக்கேன். நேர்ல வர முடியாது. பொருள் எனக்குப் பிடிச்சிருக்கு. இப்பவே முன்பணம் ரெண்டாயிரம் அனுப்புறேன். ஒரு கட்டம் போட்ட படம் வரும். அதை ஸ்கேன் பண்ணி உங்க ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் வந்துரும்."

"எண்ணைப் போட்டா பணம் போகத்தானே செய்யும்?" என்று கரடி கேட்டது. அவ்வளவு விவரம் அதற்கும் இருந்தது.

"அது உங்க காட்டுல சார். எல்லையில எல்லாம் தலைகீழ்" என்றது கழுகு.

எல்லையைக் காக்கிற பறவை பொய் சொல்லுமா? சடையப்பன் ஸ்கேன் செய்தது. எண்ணைப் போட்டது. சேமிப்பிலிருந்து இரண்டாயிரம் போயிற்று.

"அடடா, ராணுவ சர்வர்ல கோளாறு சார். இன்னொரு தடவை அதையே பண்ணுங்க, ரெண்டும் சேர்ந்து திரும்பி வந்துரும்" என்றது கழுகு. சடையப்பன் மறுபடி நகத்தை நீட்டியபோது பூங்காவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து போனைப் பிடுங்கியது.

"ஏன்யா, எட்டாயிரம் சொன்ன பொருளை இருபதாயிரத்துக்குக் கேக்குறியே, அது ஓடுமா ஓடாதான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?" என்று அது போனில் கத்தியது. மறுமுனையில் போன் துண்டானது. கர்னல் எல்லையைவிட்டே போய்விட்டார்.

சடையப்பன் புகார் கொடுக்கப் போனது. குரங்குகள் நடத்தும் அலுவலகம். டோக்கன் நூற்றுப் பதினெட்டு. மத்தியானம் வரை வரிசையில் நின்றது. கிடைத்த படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியது, கடைசிக் கட்டத்தைத் தவிர. அங்கே, 'ஏமாற்றியவரின் கையொப்பம்' என்று இருந்தது.

"அவரைக் கூட்டிட்டு வாங்க, வாங்கிக்கிறோம்" என்றது குரங்கு.

வீட்டுக்கு வந்த கரடி இரண்டு நாள் சாப்பிடவில்லை. கரடி இனத்தில் இது பெரிய விஷயம். கதவில்லாத வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூங்காவனம் திட்டவில்லை. அதுதான் சடையப்பனை இன்னும் வாட்டியது.

மூன்றாம் நாள் எழுந்து, "இனிமே எவனும் என்னை ஏமாத்த முடியாது" என்றது. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தது. ஏமாந்த மிருகங்களையெல்லாம் தேடிப் போய்க் கதை கேட்டது. குகைச் சுவரில் கரியால் எழுதி எழுதி அழித்தது. கடைசியில் எஞ்சியது ஒரே உண்மை: ஏமாற்றுகிறவன் அவசரப்படுவான், பொருளில் குறை சொல்லமாட்டான், பேரம் பேசமாட்டான்.

"வாங்கப்போற எவனாவது கேட்ட விலையைக் கொடுப்பானா? கொடுக்கிற எண்ணம் இல்லாதவனுக்குத்தான் விலை எவ்வளவா இருந்தா என்ன?" என்றது சடையப்பன். பூங்காவனத்துக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ட்ரெட்மில் மறுபடி ஏலத்துக்கு வந்தது. இந்த முறை ஒரு காகம் கேட்டது. சற்று நேரத்தில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியது. "அண்ணே, எட்டாயிரம் அனுப்புறதுக்குப் பதிலா கைதவறிப் பதினாலாயிரம் அனுப்பிட்டேன். மிச்சம் ஆறாயிரத்தைச் சீக்கிரம் திருப்பிப் போடுங்கண்ணே, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க."

கரடி படத்தைப் பார்க்கவில்லை. வங்கிக் கணக்கைப் பார்த்தது. அங்கே ஒரு பைசா வரவில்லை.

"தம்பி, எனக்கு வர்றப்போ உனக்குத் திருப்பித் தர்றேன். அதுவரைக்கும் அம்மாவுக்கு இந்தப் படத்தையே காட்டு" என்றது. காகம் போனை வைத்தது. சடையப்பன் குகைக்குள் ஒரு சுற்று ஆடிக்கூடப் பார்த்தது. கர்வம் என்பது ஒரு வெற்றி போதும், வளர்ந்துவிடும்.

மறுநாள் காலை அல்லிமுத்து என்ற புள்ளிமான் ஒன்பதாயிரம் ஏலம் கேட்டது. கேட்டதோடு நிற்காமல், மூச்சு வாங்க நேரிலேயே வந்து நின்றது.

"அண்ணே, சிறுத்தை வந்ததிலிருந்து பிள்ளைகளை வெளியில விட முடியலை. ஓடிப் பழகாத மான் உருப்படுமா? வீட்டுக்குள்ளயே ஓடிப் பழகட்டும்னுதான் கேட்டேன். ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. இந்தாங்க ஒன்பதாயிரம். சீக்கிரம் எண்ணிக்கோங்க, பிள்ளைங்க தனியா இருக்கு."

சடையப்பன் கண்ணைச் சுருக்கியது. அவசரம் இருக்கிறது. குறை சொல்லவில்லை. பேரம் பேசவில்லை.

"ஏம்மா, பெல்ட்டு தேஞ்சிருக்கே, பாக்கலையா?"

"பரவாயில்லண்ணே."

"எட்டாயிரம்தானே ஆரம்ப விலை? குறைச்சுக் கேக்கத் தோணலையா?"

"உங்க வீட்டுலயும் பிரசவம்னு கேள்விப்பட்டேன். செலவு இருக்கும். வச்சுக்கோங்க."

அவ்வளவுதான். கரடிக்குச் சந்தேகமே இல்லை. "நோட்டைக் காட்டுறியா நோட்டை! எந்தக் கழுகு அனுப்பிச்சுது உன்னை?" என்று உறுமி எழுந்தது. மான் நோட்டுக்கட்டை வாயில் கவ்விக்கொண்டு பாய்ந்து மறைந்தது. நாலு கால்களும் தரையில் படவில்லை. அந்த வேகத்தைப் பார்த்த யாரும், அதற்கு ட்ரெட்மில் தேவை என்று நம்பமாட்டார்கள்.

அன்று மத்தியானம் குப்பாண்டி என்ற நரி வந்தது. ட்ரெட்மில்லை ஒரு சுற்று சுற்றியது. மூக்கைச் சுளித்தது.

"இதுவா? கரடி ஏறின வண்டி. உள்ள பூரா முடி சிக்கியிருக்கும். மோட்டார் முனகுது. என் மச்சான் போன வாரம் இதைவிடப் புதுசு நாலாயிரத்துக்கு வாங்கினான்."

சடையப்பனின் முகம் மலர்ந்தது.

"ரெண்டாயிரம் தர்றேன்" என்றது நரி.

"எட்டாயிரம் சொன்னேனே!"

"இதைத் தூக்கிட்டுப் போறதுக்கே நீங்கதான் எனக்குக் கூலி தரணும்." நரி கோபித்துக்கொண்டு புறப்பட்டது. ஆலமரம் வரை போய்த் திரும்பி வந்தது. மறுபடி பேசியது, மறுபடி போனது, மறுபடி வந்தது. நடுவில் தண்ணீர் கேட்டது. பிறகு தேன் கேட்டது. தேன் புளிக்கிறது என்றது. ட்ரெட்மில்லின் நிறத்தையும், குகையின் வெளிச்சத்தையும், கடைசியில் சடையப்பனின் வளர்ப்பையும் குறை சொன்னது. ஒவ்வொரு வசவுக்கும் கரடிக்கு மனம் குளிர்ந்துகொண்டே போயிற்று.

"பூங்காவனம், அசல் ஆளு! சொக்கத் தங்கம்!" என்று உள்ளே ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தது.

மூவாயிரத்து எழுநூற்றைம்பதுக்கு முடிந்தது. நரி பணத்தை எண்ணி வைத்தது. அத்தனையும் நல்ல நோட்டு. கூடவே ஒரு தேன்கூட்டையும் இனாமாக வாங்கிக்கொண்டு, ட்ரெட்மில்லை வண்டியில் ஏற்றிப் போயிற்று.

மறுநாள் 'ஏலேலோ'வில் அதே ட்ரெட்மில் வந்தது. கீழே, 'கரடியிடமிருந்து நேரடியாக வாங்கியது' என்று எழுதியிருந்தது. அல்லிமுத்து ஒன்பதாயிரத்துக்கு அதை எடுத்தது. பிள்ளைமான்கள் அதில் துள்ளி ஓடுகிற வீடியோ காடு முழுக்கப் பரவியது.

பூங்காவனம் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தது. "பொய் சொன்னவன்கிட்ட போனது ரெண்டாயிரம். நாணயமான ஆளுகிட்ட போனது அஞ்சாயிரத்துக்கு மேல" என்றது. பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

கதவுக்கு இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் தேவை. மரங்கொத்தி, "இருக்கிற காசுக்குப் பாதிக் கதவு போடலாம். மேல் பாதியா, கீழ்ப் பாதியா?" என்று கேட்டது.

சடையப்பன் யோசித்தது. தன்னிடம் விற்க இனி என்ன இருக்கிறது என்று குகையைச் சுற்றிப் பார்த்தது. சாமான் ஒன்றும் இல்லை. சுவரில் கரி எழுத்து மட்டும் இருந்தது.

மறுநாள் நாவல் மரத்தில் ஒரு அறிவிப்பு தொங்கியது: 'ஆன்லைன் ஏலத்தில் போலி ஆட்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பது எப்படி? அனுபவசாலி சடையப்பன் நடத்தும் ஒரு நாள் வகுப்பு. தலைக்கு நூறு ரூபாய்.'

சாது மிருகங்களும் வந்து பார்த்தன. "ஐம்பதுக்கு வராதா?" என்றது முயல். "சும்மா ஓரமா நின்னு கேட்டுக்கிறேன்" என்றது ஆமை. பேரம் படியாமல் எல்லாம் திரும்பிப் போயின. ஆனால் வகுப்பு நிறைந்துவிட்டது. காகங்கள் ஒரு வரிசை, பருந்துகள் ஒரு வரிசை, கறுப்புக் கண்ணாடி போட்ட உடும்புகள் நாலு. ஒவ்வொன்றும் கேட்ட நூறு ரூபாயைக் கேட்டபடி கட்டிவிட்டு, நோட்டும் பேனாவுமாக முன்னால் உட்கார்ந்தது.

முதல் வகுப்பிலேயே கதவுக்குப் பணம் தேறியது. ஐப்பசியில் தேக்குக் கதவு ஏறியது, தாழ்ப்பாளோடு. கார்த்திகையில் பூங்காவனம் இரண்டு குட்டி போட்டது, நிம்மதியாக. அதற்குள் வகுப்பு எட்டாவது முறையாக நடந்துகொண்டிருந்தது. காடு முழுக்கச் சடையப்பனை 'சார்' என்று கூப்பிட்டார்கள்.

ஒருநாள் குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு வந்த பூங்காவனம், மரத்தடியை உற்றுப் பார்த்தது. கணவனை ஓரமாகக் கூப்பிட்டது.

"ஏங்க, முன்வரிசையில உக்காந்திருக்கிறவங்க யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? முழுக் கட்டணமும் கட்டினவங்க" என்று சொல்லிவிட்டுச் சடையப்பன் வகுப்புக்குத் திரும்பியது.

முன்வரிசையில் ஓர் உடும்பு கை தூக்கியது. "சார், ஒரு சந்தேகம். நாங்க நிஜமாவே வாங்க வந்த ஆளுன்னு எதிராளி நம்பணும்னா, எவ்வளவு நேரம் பேரம் பேசணும்?"

இத்தனை வகுப்பில் இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. சடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"குறைஞ்சது முக்கால் மணி நேரம்" என்றது. "நடுவுல ரெண்டு தடவை கோவிச்சுக்கிட்டுப் போகணும். அடிக்கோடு போட்டுக்கோங்க."

எல்லாம் அடிக்கோடு போட்டுக்கொண்டன.

நீதி: ஏமாந்தவன் பாடம் கற்க வேண்டியதில்லை, பாடம் நடத்தினால் போதும்.