குதி டீச்சர் நின்ற நாள்

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் தாலுகாவிலேயே ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்கத் தெரியாத ஒரே ஆள் எங்கள் குதி டீச்சர்தான். பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் ஒரு கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். கோயிலில் சாமி முன்னால் நிற்கவேண்டி வந்தால் இன்னொரு சுற்றுப் போய்விடுவார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்பதற்குள் நகர்ந்துவிடுவார்.

ஐம்பதுகளில் நான் அங்கே தபாலாபீஸ் குமாஸ்தா. பக்கத்தில் இருந்த பழைய நெல் கிடங்கில் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்கு டீச்சர் சர்க்கார் பாலர் பள்ளி நடத்தினார். சிலேட்டு கிடையாது. ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் ஆட்டம். 'மா' என்றால் மாடு போல் தலையாட்டல். 'பா' என்றால் கன்னத்தை உப்பவைத்து ஒரு குதி. 'தா'வுக்குத் தவளை.

"தவளை தாவுது தா தா தா, தண்ணி தெறிக்குது பா பா பா" என்று முப்பது பிள்ளைகள் பாடிக் குதிக்கும்போது இங்கே என் மேஜை நடுங்கும். தபால் முத்திரையில் தேதி இரண்டாக விழும்.

ஒருநாள் எதிர்வீட்டுக் கவுண்டர் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், எம்பேரன் பால் கேக்கறதுக்கு முந்தி ரெண்டு குதி குதிக்கறானுங்க. சொம்பு கவுந்து போச்சு."

டீச்சர் கவலையோடு யோசித்தார். "ரெண்டா? நான் ஒண்ணுதானுங்களே சொல்லிக்குடுத்தேன். நாளைக்குத் திருத்திப்புடலாமுங்க."

கவுண்டர் நேரே வீட்டுக்குப் போய் மேலிடத்துக்கு அபேட்சை எழுதினார்; புகார் மனுவுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

எனக்கோ வேறு கவலை. என் மகள் சரோஜாவுக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் டீச்சரிடம் கூட்டிப்போனேன்.

"அம்மிணி வாய் பேசாட்டிப் போகுதுங்க. மொதல்ல கால் பேசட்டும்" என்றார்.

காலும் பேசவில்லை. இரண்டு மாதம் சரோஜா தூணோடு ஒட்டிக்கொண்டே நின்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் மத்தியானச் சோற்றை இரண்டு வாயில் விழுங்கிவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.

டீச்சர் ஒருநாள் பார்த்துவிட்டார். "கொக்காட்டக் கழுத்தை நீட்டறதுக்கு உள்ளே வந்து குதிக்கலாமுங்க. அப்பன் குதிச்சாப் புள்ளைக்குக் கூச்சம் போகும்."

அன்று முதல் மத்தியானங்களில் நான் தவளை. தபால்தலை வாங்க வந்தவர்கள் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, மரியாதையாகப் பிறகு வருகிறோம் என்று போனார்கள்.

பாலக்காட்டிலிருந்து அதிகாரி வந்ததும் அப்படியொரு மத்தியானத்தில்தான். கவுண்டரும் கூடவே வந்திருந்தார். நான் தரையில் குந்தியபடியே வணக்கம் சொன்னேன்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். "டீச்சரே, இது ஸ்கூலா சர்க்கஸா? அனங்காம நின்னு சமாதானம் பறயணும்." ஆடாமல் நின்று விளக்கம் சொல்லவேண்டுமாம்.

டீச்சர் நின்றார். கையைக் கட்டி, காலைச் சேர்த்து, அசையாமல் நின்றார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

"பி... பி... பி..." என்றார். பிள்ளைகள் என்று சொல்ல வந்திருக்கவேண்டும். கழுத்து நரம்பு புடைத்தது. கண் கலங்கியது. வார்த்தை வரவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நின்றால் அவருக்குத் திக்கும். பேசவேண்டும் என்பதற்காகவே அந்த மனுஷி ஆயுள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறார். எழுந்து ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். கால் மரத்துப் போயிருந்தது.

தூணை விட்டு சரோஜா நடந்து வந்தாள். டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"குதி" என்றாள்.

டீச்சர் அவளைப் பார்த்தார்.

"டீச்ச, குதி."

டீச்சர் குதித்தார். குதித்துக்கொண்டே, கண்ணில் நீர் வழிய, தடையில்லாமல் கால் மணி நேரம் அதிகாரிக்குப் பதில் சொன்னார். பாதியில் அதிகாரியின் தலையும் அவரோடு மேலும் கீழும் போய்வர ஆரம்பித்தது.

கவுண்டர் தொண்டையைச் செருமினார். "ஐயா, அந்த அபேட்சையக் கிழிச்சுப்போடுங்க. சொம்பு பழைய சொம்புதானுங்க."

அடுத்த வருஷம் டீச்சருக்கு மலைமேல் அகளிப் பக்கம் மாற்றலாயிற்று. நானும் சரோஜாவும் பஸ் ஏற்றிவிடப் போனோம். அவள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போன எனக்குத்தான் கடைசிவரை ஒரு வார்த்தை வரவில்லை.