விபியஸ் வீட்டுத் தோட்டம்

விருந்தாளிகள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். தோட்டத்து மாதுளைக்கு இன்னும் இலை வைத்து முடியவில்லை.

"தியோன், பூவெல்லாம் போதும். சீக்கிரம் ஆகட்டும்," என்றார் விளக்கு வியாபாரி விபியஸ்.

"மரம்னா அது வளர்ற வேகத்துலதானே வளரும்," என்றான் ஓவியன், முற்றத்துப் பின்சுவரில் தூரிகையை ஓட்டியபடி.

பாம்பேய் நகரத்துக் குளியல் மண்டபத்தில் வாய் சும்மா இருக்காமல், "எங்க வீட்டுக்குப் பின்னால பெரிய தோட்டம்" என்று லோரேயஸிடம் அளந்துவிட்டிருந்தார் விபியஸ். இருந்ததோ நாலு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் முற்றமும் ஒரு மொட்டைச் சுவரும்தான். லோரேயஸின் மகனும் விபியஸின் மகளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். இன்றைய விருந்தில் பெரியவர்கள் கை நனைத்துச் சம்மதித்தால் கல்யாணம்.

லோரேயஸ் மனைவியோடு வந்து சாப்பாட்டு மெத்தையில் சாய்ந்தார். முற்றத்துத் திரையின் இடுக்கில் பச்சை தெரிந்தது.

"அடேயப்பா, குளுகுளுன்னு இருக்கே. ஒரு நடை நடந்துட்டு வந்துடறேன்."

"இப்பத்தான் தண்ணி பாய்ச்சினோம். ஒரே சேறு," என்றார் விபியஸ்.

"செருப்பைக் கழட்டிட்டாப் போச்சு."

"நாய் வேற இருக்கு. புது ஆளைக் கண்டா கடிச்சிரும்."

விபியஸின் மனைவி ஸ்டாலியா திரைக்குப் பின்னால் ஓடினாள். "ஒரு நாய் போடுங்க."

"கட்டிப்போட்டதா, அவுத்துவிட்டதாம்மா?"

"கடிக்கிறது."

ஆலிவும் முட்டையும் தின்று முடித்த லோரேயஸ், எட்டித் திரையை விலக்கினார். மரத்தடியில் நாய் நின்றது. ஓட இடமில்லாத தியோன், தூரிகையைத் தூக்கிய கையோடு சுவரை ஒட்டி மூச்சுவிடாமல் நின்றான்.

"என்னங்க, உங்க தோட்டக்காரன் அசையவே மாட்டேங்கறான்?"

"சுத்த சோம்பேறி," என்றார் விபியஸ்.

"நாயும் அவன் வளர்ப்புதான் போலிருக்கு." லோரேயஸ் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து வீசினார். அது நாயைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, நீல வானத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

தோட்டக்காரன் மெல்ல எட்டி, வானத்திலிருந்து கறியைப் பிய்த்தெடுத்தான்.

விபியஸ் எழுந்து நின்றார்.

"தோட்டமெல்லாம் இல்லீங்க. வெறும் சுவருதான். பொய் சொன்னது நான். எம்பொண்ணு நல்லவ. என் வாயால அவ கல்யாணம் நின்னுறக் கூடாது."

லோரேயஸ் தன் மனைவியைப் பார்த்தார். அதுவரை வாயே திறக்காத அந்த அம்மாள் விரல்களைத் துடைத்துக்கொண்டு ஸ்டாலியாவின் பக்கம் திரும்பினாள்.

"நிச்சயத்தை எங்க வீட்டுல வச்சுக்கலாம், சம்பந்தியம்மா. எங்க மீன்குளத்தையும் பாத்த மாதிரி இருக்கும். கையை மட்டும் விட்டுறாதீங்க, சாயம் இன்னும் காயலை."