சர்வேயர் என்கிற மீன்

ஊதா மீனின் மேல்துடுப்பு கிழிந்திருந்தது. காலையில் தொட்டி விளக்கைப் போட்டதும் யுவராணியின் கண்ணில் பட்டது அதுதான். கம்பி ஒடிந்த குடை மாதிரி ஒரு பக்கம் தொங்கிய துடுப்போடு ஊதா பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தது. கிழித்தவன் தொட்டியின் நடுவில், ஒன்றுமே நடக்காதது போல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தான்.

"இன்னைக்கு யாரு?" என்றாள் சாலம்மாள், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு. அந்த ஓட்டலில் பெருக்கித் துடைப்பவள் அவள்.

"ஊதா."

"நேத்து மஞ்சள். முந்தாநேத்து பெரிய நீலம். வரிசையா முடிச்சிக்கினு வர்றான் பாரு சர்வேயரு."

பெயர் வைத்ததும் அவள்தான். வெளிர்நீல உடம்பு, கறுத்த முகம், முதுகில் மஞ்சள் பட்டை. காலையிலிருந்து ராத்திரி வரை ஓரத்தை அளந்துகொண்டே சுற்றும். அளந்த இடமெல்லாம் தனக்கென்று முடிவு செய்துகொள்ளும்.

நாலும் 'டேங்' என்கிற கடல்மீன் சாதி. வாலடியில் ஆளுக்கொரு கத்தி உண்டு. நிஜமான முள்கத்தி, ஒரு வீச்சில் தோலைக் கிழித்துவிடும். கடலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாறைத்திட்டு சொந்தம். இங்கே நாலுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு அடிக் கண்ணாடித் தொட்டி. உப்பள முதலாளி சடையப்பன் மரக்காணம் தாண்டிக் கடலோரம் கட்டிய புது ஓட்டலின் வரவேற்பறையில் அது நின்றது. எந்த ஊரிலோ பார்த்தாராம், வாங்கிவிட்டார். மீன்களுக்குள் ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொண்டு யார் வாங்குகிறார்கள்?

யுவராணி விலங்கியல் பட்டதாரி. அவள் வீட்டில் முதல் பட்டதாரி. ஆறு மாதத் தற்காலிக வேலை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி திறப்பு விழா. அன்றைக்கு நாலு மீனும் உயிரோடு, சண்டையில்லாமல் நீந்தினால் வேலை நிரந்தரம். ஒன்று செத்து மிதந்தாலும் வீட்டுக்கு. வீடு என்றால் அம்மா உப்பு வாரும் அதே உப்பளத்து மேடு; அதற்கும் பட்டா கிடையாது.

"உப்புத்தண்ணியில நிக்க வேணாம்னுதானேடி உன்னைப் படிக்க வெச்சேன்? இப்ப நீயும் அதுலதான் கை வெச்சிக்கினு நிக்கற" என்பாள் அம்மா போனில்.

"இது வேற தண்ணிம்மா."

"வாயில ஊத்திப் பாரு. ஒண்ணாத்தான் இருக்கும்."

முதலாளியும் அதே கட்சி. மீன் தொட்டிக்கு என்று தனி உப்புக் கலவை வெளியிலிருந்து வாங்க வேண்டும் என்றதும் அவருக்கு மானம் போய்விட்டது. "உப்பளக்காரன் உப்பு வாங்கறதா? ஊர்ல சிரிப்பாங்க" என்று தன் களத்து உப்பில் ரெண்டு மூட்டை அனுப்பிவைத்தார். 'குழம்புக்கு ஆகும், மீனுக்கு ஆகாது' என்று துண்டுச்சீட்டு எழுதி மூட்டையோடு திருப்பி அனுப்பினாள் யுவராணி. அன்றிலிருந்து ஓட்டலில் எல்லோருக்கும் அவளைத் தெரியும்.

மேலாளர் சுலோசனா மட்டும் அதற்குக் கோபப்படவில்லை. குரலை உயர்த்திப் பேசாத மனுஷி. "ஒரு நோட்டுப் போட்டுக்கோ யுவராணி. என்னா பிரச்சனை, என்னா செஞ்ச, என்னா ஆச்சு, மூணும் எழுது. டெய்லி நான் பாக்கறேன்" என்றாள்.

யுவராணி எழுதினாள். சுலோசனா மேடம் தினமும் சாயங்காலம் ஒரு வரி விடாமல் படித்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டாள். கல்லூரியில் மூன்று வருஷம் எழுதியதை ஒருத்தரும் இப்படிப் படித்ததில்லை.

முதல் வைத்தியம் முகம் பார்க்கும் கண்ணாடி. தொட்டிக்கு வெளியே, பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், சண்டைக்காரன் தன் பிம்பத்தைப் பார்த்து இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று அதனோடு மல்லுக்கட்டுவான். மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். கண்ணாடிக்கு எங்கே போவது? வேலைக்காரப் பெண்கள் தங்கும் கூடத்தில் ஒன்று மாட்டியிருந்தது. கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தக் கூடம் பழைய உப்புக் கம்பெனி ஆபீஸ். நாலு கட்டில். சாலம்மாள், வரவேற்பில் நிற்கும் பூஜா, சமையல்கட்டு சங்கீதா, யுவராணி. மூலையில் அந்தக் காலத்து மேனேஜர் உட்கார்ந்த கண்ணாடிக் கேபின். இப்போது உடைந்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவள் யுவராணிதான். ஆனாலும் ஜன்னலோரக் கட்டில், நேர் மேலே மின்விசிறி, ஒழுங்காக வேலை செய்கிற ஒரே பிளக் பாயிண்ட் எல்லாம் அவளுடையது. பிளக் மேல் காகிதம் ஒட்டியிருந்தாள்: 'யுவராணி, பி.எஸ்சி.' வாளியிலும் ஒட்டியிருந்தாள். துணி மாட்டும் ஆணியிலும்.

கண்ணாடி போன அன்று பூஜா நெற்றியில் பொட்டுக் கோணலாக வைத்துக்கொண்டு வரவேற்பில் நின்றாள்.

"எங்க கண்ணாடி எங்க?"

"எங்கன்னா? ஓட்டல் கண்ணாடி. மீனுக்கு வேணும்."

"மீனு பொட்டு வெக்கப் போவுதா?"

"உனக்குப் பொட்டு பெருசு. அங்க ஒரு உசுரு போவுது."

"கேட்டு எடுத்திருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

யுவராணி எப்போதும் அப்படித்தான் ஜெயிப்பாள்.

சர்வேயர் ரெண்டு நாள் கண்ணாடியோடு மோதினான். மூன்றாம் நாள் பிம்பம் ஓடிப்போகாததில் வெறியேறி, அந்தக் கோபத்தையும் சேர்த்து மஞ்சளின் மேல் காட்டினான். 'பலன்: முன்னைவிட மோசம்' என்று எழுதினாள். மேடம் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் கூடத்தில் புதுக் கண்ணாடி ஒன்று தொங்கியது. ஆளுயரம். யுவராணியின் கட்டிலுக்கு நேர் எதிரே.

"இதை ஏன் என் மூஞ்சிக்கு எதிர்ல மாட்டினீங்க? காலையில எழுந்ததும் என் மூஞ்சியில நானே முழிக்கணுமா?"

"மேடம் அங்கதான் ஆணி அடிக்கச் சொன்னாங்க" என்றாள் சங்கீதா.

அன்று பூரா யுவராணி கண்ணாடியைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டாவது வைத்தியம் சாப்பாடு. ஒரே இடத்தில் தீனி போடுவதால்தான் அடிதடி என்று புத்தகத்தில் இருந்தது. கடற்பாசித் தாளை நாலு துண்டாக்கி, நாலு மூலையிலும் கவ்வி போட்டு மாட்டினாள். சர்வேயர் நாலு மூலைக்கும் காவல் நின்றான். தானும் தின்னவில்லை, பிறரையும் விடவில்லை. வயிறு ஒட்டிப்போய்ச் சுற்றினான்.

"தின்னு தொலையேன்டா" என்றாள் யுவராணி தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்து. "யாருடா உன் சோத்தைப் புடுங்கறா?"

அந்த வாரமே கூடத்தில் சோற்று வரிசையும் மாறியது. ஒரே மேஜையில் இருந்த பாத்திரங்கள் இந்தக் கோடியில் ரெண்டு, அந்தக் கோடியில் ரெண்டு என்று பிரிந்தன. சாம்பார் ஒரு பக்கம், ரசம் ஒரு பக்கம்.

"யாரு இந்த அறிவாளி வேலை? ரசத்துக்கு நான் கூடத்தைத் தாண்டிப் போகணுமா?"

"போயேன். நடந்தா நல்லது" என்றாள் சாலம்மாள்.

யுவராணி ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் ஆளாக வந்து ரெண்டு கோடியிலும் ஒவ்வொரு தட்டு வைத்துவிட்டாள். ரெண்டிலும் 'பி.எஸ்சி.' ஒட்டியிருந்தது.

மூன்றாவது வைத்தியத்துக்கு நாள் முழுக்க ஆனது. பாறைகளை அத்தனையும் கலைத்து வேறு மாதிரி அடுக்குவது. பழைய எல்லை அழிந்துபோனால் எல்லா மீனும் புதுசாக வந்த மீன் மாதிரி ஆகிவிடும். யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. கையைத் தோள் வரை தண்ணீரில் விட்டு ஒவ்வொரு பாறையாக நகர்த்தினாள். கை முழுக்க உப்பு பூத்தது. இந்த எரிச்சல் அவளுக்குத் தெரிந்ததுதான். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பாத்தியில் நின்றபோது கால் வெடிப்பில் இதே எரிச்சல் இருந்தது.

விளக்குப் போட்டதும் நாலும் சண்டை போட்டன. இதுவரை அடி வாங்கிய மஞ்சள்கூட ஊதாவை விரட்டியது. சர்வேயர் எல்லோரையும் விரட்டினான். பெரிய நீலம் பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டு, அவள் மறுபடி கையை விட்டு எடுத்தபோது வால்கத்தியால் அவள் மணிக்கட்டைக் கீறிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் கட்டுப்போட்ட கையோடு கூடத்துக்குப் போனாள். கட்டில்கள் மாறிக் கிடந்தன. ஜன்னலோரம் சாலம்மாளின் கட்டில். பிளக் பக்கத்தில் பூஜா. யுவராணியின் கட்டில் கதவோரத்தில், விசிறிக் காற்று எட்டாத இடத்தில்.

"யாரு செஞ்சது?"

சாலம்மாள் ஜன்னலோரம் தன் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டாள்.

"யாருடி என் எடத்தைத் தொட்டது?"

"உன் எடமா? எங்க எல்லாருக்கும் கடைசியா வந்தவ நீ" என்றாள் பூஜா.

"பேரு எழுதி ஒட்டியிருக்கேன். படிக்கத் தெரியாதா?"

"ஒட்டினா ஆயிடுமா? நாளைக்கு முதுகுல ஒட்டிட்டா நாங்களும் உன்னுதா?"

அன்றைக்குக் கூடத்தில் பறக்காத பொருள் கட்டில் மட்டும்தான். கடைசியில் யுவராணி தன் கட்டிலைத் தனியாளாக இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், சாலம்மாளின் கட்டிலோடு இடித்து நிறுத்தி, மேலே ஏறிப் படுத்துக்கொண்டாள். போர்வைக்குள் அழுதாள். அதை யாரிடமும் சொல்லமாட்டாள். ஐந்து பேர் படுக்கும் ஒற்றை அறைக் குடிசையில் வளர்ந்தவள் அவள். பாடப் புத்தகம் வைக்க ஒரு ஜாண் இடத்துக்குத் தம்பியோடு கட்டிப்புரண்டவள். ஹாஸ்டலில் பதினாறு பேருக்கு ஒரு அறை. சுவரில் அடிக்கப்பட்ட ஒரு ஆணிகூட இதுவரை அவளுக்கென்று இருந்ததில்லை. பெயர் எழுதி ஒட்டாமல் வேறு எப்படிச் சொல்வது?

கடைசி வைத்தியம்தான் பாக்கி. திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, சர்வேயரைப் பிடித்து அதில் அடைத்தாள். நோட்டில் இப்படி எழுதினாள்:

'அடி வாங்குபவர்களை மாற்றிப் பயனில்லை. அடிப்பவனைத் தனியே வைக்க வேண்டும். மற்றவர்களை அவன் பார்க்கலாம், அவர்களும் அவனைப் பார்க்கலாம், தொட முடியாது. அவனைத் தண்டிக்கக் கூடாது. நல்ல தீனி கொடுக்க வேண்டும். அது தன் சொந்த இடம் என்றே நினைத்துக்கொள்வான். இரண்டு வாரத்தில் இந்தப் பக்கம் மற்றவர்கள் பயம் தெளிந்து பழகிவிடுவார்கள். வெளியே விடும்போது அவன்தான் புதியவன். அடங்கிப்போவான்.'

சுலோசனா மேடம் அந்தப் பக்கத்தை ரெண்டு முறை படித்தாள்.

"இது வேலை செய்யுமா?"

"கண்டிப்பா மேடம்."

"அதுக்கு வருத்தமா இருக்காதா?"

"அதுக்கென்னா தெரியும்? கண்ணாடி இருக்குதுன்னே தெரியாது."

"நீ எழுதறது எனக்கு ரொம்ப பிரயோஜனமா இருக்குது யுவராணி" என்றாள் மேடம். இந்த முறை கையெழுத்தின் கீழே ஒரு கோடும் போட்டாள்.

மூன்றே நாளில் தொட்டி மாறிவிட்டது. மஞ்சள் நடுவில் நீந்தியது. ஊதாவின் துடுப்பு ஓரத்தில் புதுசாக வளர ஆரம்பித்தது. பெட்டிக்குள் சர்வேயர் நாலு பக்கமும் அளந்து, திருப்தியாகப் பாசி தின்றான்.

நாலாம் நாள் காலையில் மேடம் கூப்பிட்டாள். "அந்தக் கேபினைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். கட்டில், விசிறி, தனி பிளக், டேபிள் எல்லாம் போட்டாச்சு. நீ அங்க இருந்துக்கோ. நோட்டு எழுதவும் வசதி."

"எனக்கா மேடம்? எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்தான்."

அன்று மத்தியானமே யுவராணி அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"தனி ரூம்மா. கதவு இருக்குது. சுத்தியும் கண்ணாடி."

"கண்ணாடியா? எல்லாரும் பாப்பாங்களே?"

"பாக்கட்டும்மா. நல்லாப் பாக்கட்டும்."

பார்த்தார்கள். அவள் மேஜை விளக்கைப் போட்டு நோட்டு எழுதுவதை, வெளியே மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் சிரித்துப் பேசுவது கண்ணாடிக்குள் கேட்கவில்லை. சாப்பாடு கேபினுக்கே வந்தது. சங்கீதா ஒரு அப்பளம் கூடவே வைத்து அனுப்பினாள். படிப்புக்கு மரியாதை என்றைக்காவது வந்துதானே ஆக வேண்டும் என்று யுவராணி நினைத்துக்கொண்டாள். இங்கே எதிலும் பெயர் ஒட்டத் தேவையில்லை. ஒட்டவும் இல்லை.

பதினைந்தாம் தேதி சடையப்பன் மாலையோடு வந்து தொட்டி முன் நின்றார். மூன்று மீன் அமைதியாகச் சுற்றின.

"அது ஏம்மா டப்பாவுக்குள்ள?"

"அதுதான் சார் இதுல பலமான மீனு. எடம் தன்னுதுங்கற நெனப்பு போகணும். இன்னும் நாலு நாள்."

"உயிரோட இருக்குது, சண்டையில்ல. சொன்னதைச் செஞ்சிட்ட." அவர் மேடத்தைப் பார்த்தார். "ஆர்டர் அடிச்சிடலாமா?"

"அடிச்சி வெச்சிட்டேங்க சார்" என்றாள் சுலோசனா. "ரெண்டு வாரம் முழுசா முடியட்டும். பாத்துட்டுக் கையில குடுத்துடறேன்."

நியாயம்தான் என்று யுவராணிக்குப் பட்டது. பரிசோதனையை முடிக்காமல் முடிவு எழுதக் கூடாது.

பதினான்காம் நாள் பெட்டியைத் திறந்தாள். சர்வேயர் தயங்கி வெளியே வந்தான். மஞ்சள் அவனை ஒரு தரம் முட்டிப் பார்த்தது. அவன் திருப்பி முட்டவில்லை. காலியாக இருந்த ஒரு மூலையைத் தேடிப்போய் அங்கேயே நின்று பாசியைக் கொறித்தான். யுவராணி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, 'பலன்: முழு வெற்றி' என்று எழுதி, நோட்டை மேடத்தின் மேஜையில் வைத்தாள். ஆர்டரோடு கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். கூப்பிடவில்லை.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம் சாலம்மாள் கேபின் கதவைத் திறக்காமல், கண்ணாடியில் விரலால் தட்டினாள். யுவராணி எழுந்து கதவைத் திறந்தாள்.

"என்னாக்கா? ஆர்டர் வந்திடுச்சா?"

"மேடம் டேபிள் மேல ரெடியா இருக்குது. ஒண்ணு மட்டும் கேட்டுக்கினு வரச் சொன்னாங்க. மீனைப் பத்தி எங்களுக்கு இன்னா தெரியும், படிச்சது நீதானே."

"கேளுங்க."

சாலம்மாள் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

"இல்ல, உனக்கு நாளையோட ரெண்டு வாரம் முடியுதாம். வெளிய விட்டுடலாமா, இல்ல மனுசங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் கூட வெக்கணுமான்னு உன்னையே கேட்டுக்கினு வரச் சொன்னாங்க."