சுருக்குப்பை அண்ணாச்சி பெண் பார்த்த கதை

தூத்துக்குடிக் கரையிலேயே புள்ளியைக் கண்டு பதறிய ஒரே மனிதர் எங்கள் சுருக்குப்பை அண்ணாச்சிதான். அம்மை போட்டவனோடுகூட ஒரே பாயில் உட்காருவார். தசமப் புள்ளி வைத்த எண்ணை மட்டும் விட்டுவைக்க மாட்டார்.

1940-களில், துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். படகு எஞ்சின்களுக்குச் சீமையிலிருந்து வரும் வரைபடங்களில் அளவெல்லாம் புள்ளியில் இருக்கும். எங்கள் கொல்லர்களின் அடிக்கோலிலோ அங்குலத்தை எட்டாகப் பிரித்த 'நூல்' கோடுகள்தான். இரண்டுக்கும் நடுவே அண்ணாச்சி.

"புள்ளி வச்சா கோலம் போட வேண்டாமாலே? பாதியில எந்திரிச்சுப் போயிருக்கான்!" என்று 0.375-ஐ முறைப்பார். புள்ளியைத் தூக்கிவிட்டு, முந்நூற்று எழுபத்தைந்தை மேலேயும் ஆயிரத்தைக் கீழேயும் எழுதுவார். "ரெண்டையும் அஞ்சால அடி!" எழுபத்தைந்து, இருநூறு. "இன்னும் அடி!" பதினைந்து, நாற்பது. "கடைசி அடி!" எட்டில் மூன்று. "ஏலே, மூணு நூல்!" என்று பட்டறைக்குள் கத்துவார்.

நான் அடித்தால் மேலே இருப்பது மட்டும் சாகும். கீழே இருப்பது தப்பித்துக்கொள்ளும்.

சாயங்காலம் கரையில் உட்காருவோம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடக்கும். கரைக்கு வர ஆழமில்லாமல் கப்பல்கள் தூரத்திலேயே மிதந்துகொண்டிருக்கும்.

"புள்ளி மூணு, மூணு, மூணு... அலை மாதிரி வந்துக்கிட்டே இருக்கும்லே, முடிவே கிடையாது" என்பார் அரைக்கண் மூடி. "அதையும் மூணுல ஒண்ணுன்னு கைக்குள்ள அடக்கிரலாம்."

"எனக்குத் தூக்கம் வருது அண்ணாச்சி."

"தூங்கு. கனவுலயும் அலை வரும்."

இந்தச் சுருக்கும் வியாதி எண்ணோடு நிற்கவில்லை. வேதக் கோயிலில் பாதிரி ஐயர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தால், அண்ணாச்சி வாசலில் வந்து, "எல்லாத்தையும் அடிச்சாச்சு. ஒழுங்கா இரு. இவ்வளவுதாம்லே" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மாமனார்கள் வம்சப் பெருமையை ஆரம்பித்தால், "சுருக்கமாச் சொல்லுங்க" என்பார். சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

கடைசியாக வந்தது பக்கத்து ஊரான நாசரேத்தின் சபை உபதேசியார் வீட்டுச் சம்பந்தம். பெண் கணக்கு டீச்சர். இதுவும் போனால் இனித் தேடப் போவதில்லை என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். வண்டியில் நான் கெஞ்சினேன்: "அண்ணாச்சி, இன்னைக்கு ஒண்ணையும் அடிச்சிராதீய."

உபதேசியார் நீளமாக ஜெபம் செய்தார். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். பிறகு டீச்சரே நேராகக் கேட்டாள்.

"ஒங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"சாயங்காலம் சும்மா கடலப் பாத்துக்கிட்டு இருக்கது."

"எனக்குந்தான்." கொஞ்சம் யோசித்தாள். "ஒங்க சுருக்கு வேலயக் கேள்விப்பட்டேன். பின்னத்தச் சுருக்கையில, மேலயும் கீழயும் பொதுவா இருக்கதத்தான அடிப்பிய?"

"ஆமா."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கதையும் அடிச்சிருவியளோ?"

உபதேசியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே பனைகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பினார்.

"சுருக்குனா மதிப்பு மாறாது டீச்சர்" என்றார், யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல. "ஆனா பொதுவா என்ன இருந்துச்சுங்கிறது தெரியாமப் போயிரும். நம்மளது நாலுல ரெண்டுன்னே இருந்துட்டுப் போவட்டும். நான் தொட மாட்டேன்."

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எழுந்தேன். உபதேசியார் முந்திக்கொண்டு மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார்.