வெர்னர் நடிக்காத நாடகம்

"ஏம்ப்பா வெர்னர், டோக்கன் டோக்கன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?" முதல் வரிசையிலிருந்து கேட்டார் ஓய்வுபெற்ற தபால்காரம்மா ஆர்டிஸ்.

வெர்னருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூலகத்தில் வாராவாரம் அவர் நடத்தும் வகுப்புக்காக, செயற்கை நுண்ணறிவைப் பற்றி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய குறிப்பு, வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் நூலகத் தலைவி கார்லா பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். இன்று சொதப்பினால் அடுத்த வாரம் முதல் பாடம் நடத்த வெர்னர் கிடையாது, அவள் எல்லோருக்கும் அனுப்பியிருந்த பாட வீடியோதான். அவருக்கோ வாரத்திலேயே பிடித்த நாள் இந்த வியாழக்கிழமை.

"டோக்கனா? பஸ் டோக்கன் மாதிரிதான். ஒரு கேள்விக்கு ஒண்ணு போட்டாத்தான் கதவு திறக்கும்."

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒருவர் உளறினால் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். வகுப்புக்கு வந்திருந்த ஏழு பேரும் "ஓ, அப்படியா!" என்று எழுதிக்கொண்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. வெர்னருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அதுக்குப் பயிற்சி வேற குடுக்கறாங்களாமே?" என்றார் பால்பண்ணை ஓர்வில்.

"ஆமா, தினம் காலையில ஓட விடுவாங்க."

"எங்க ஓடும்?"

"ஒயருக்குள்ளதான்!"

"பனி கொட்டறப்பவுமா?"

"அப்ப... கொஞ்சம் மெதுவா."

ஓர்வில் எலுமிச்சைக் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"சரி, ஹாலுசினேஷன்னா?" கேட்டது கார்லா.

வெர்னர் வாயைத் திறந்தார். புளுகு மூட்டை காலி. அடுத்த வாரம் எதிரில் இருக்கப்போகாத அந்த ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தெரியாதுங்க. இவ்வளவு நேரம் சொன்னது எதுவுமே தெரியாது."

கார்லாவின் பேனா நின்றது. ஆர்டிஸ் எழுந்து கைதட்டினார். மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"என்ன கார்லா, முழிக்கிற?" என்றார் ஆர்டிஸ். "டோக்கன்னா வார்த்தைத் துண்டு, பயிற்சின்னா மலைமலையாப் படிக்க வைக்கிறது. அதெல்லாம் நீ அனுப்பின வீடியோவிலயே தெரிஞ்சுபோச்சு, இவரு வாயைக் கிளறத்தான் கேட்டோம். மெஷின் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடுறது, அந்த ஹாலுசினேஷன்தான் மண்டையில ஏறவே இல்ல. இன்னிக்குத்தான் ஒரு மனுஷன் அரை மணி நேரமா செஞ்சே காட்டினாரு!"