பாட்டிலுக்குள் மாமன்

தொண்ணூற்றொன்பதில் ஒரு சந்தை நாள். மலைமேல் செம்மேட்டில் அன்றைக்கு மிளகை யாரும் சீந்தவில்லை, பலாப்பழத்தையும் சீந்தவில்லை. ஒரு பாட்டிலைச் சுற்றித்தான் கூட்டம். உள்ளே கட்டங்காப்பி நிறத்தில் ஏதோ இருந்தது. மிளகு விற்க வந்த கருப்பண்ணன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது பாவாயியின் மகன், இரண்டு வயது சதீஷ்குமாரின் மூத்திரம்.

"பேய் கரைஞ்சு எறங்குது பாருங்க," என்றார் மாதேஸ்வரச் சாமியார்.

சாமியார் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தவர். பேய் விரட்டப் பிள்ளைகளின் கழுத்தில் சிவப்புத் துணி முடிச்சு ஒன்றைக் கட்டுவார். குப்பென்று வாசனை வரும். தேவலோகத்து வாசனையாம். மலையில் பீரோ வைத்த வீடு ஏது, மறுத்துச் சொல்ல? எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. அவையெல்லாம் சில்லறைப் பேய்களாம். சதீஷ்குமார் மட்டும் முடிச்சைச் சப்பிக்கொண்டே திரிந்தான். நீர் கறுத்தது. சாமியாருக்கு யோகம் பிறந்தது. பாவாயியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்கண்ணந்தான் அம்மிணி புடிச்சிருக்கான். சின்ன வயசுல கறுப்பா ஒண்ணுக்குப் போயித்தானே செத்தான்? இன்னொரு முடிச்சும் கட்டு."

அண்ணன் மலேரியா மாத்திரை தின்றபின் அப்படித்தான் செத்தான். பாவாயி பயந்து அதையும் கட்டினாள். மாமனே தேடி வந்தானே, கொடுத்து வைத்தவள் என்றார்கள் அக்கம்பக்கத்தில். கொடுத்து வைத்தவளின் மகனோ கண் மஞ்சளித்து, தலை நிற்காமல் தோளில் துவண்டான். இவனும் போய்விடுவானோ என்று, கொண்டை ஊசி வளைவு தோறும் வாந்தி எடுத்தபடி நாமக்கல் போய்ச் சேர்ந்தாள்.

டாக்டரம்மா முதலில் அறுத்தது முடிச்சுகளை. பிரித்தால் அந்துருண்டை, பீரோத் துணியில் பூச்சி அண்டாமல் போட்டு வைப்பது. பாவாயி அண்ணன் கதையையும் சொன்னாள்.

"இவன் ரத்தத்துல சிவப்பணுவைக் காப்பாத்துற நொதி ஒண்ணு பிறவியிலேயே குறைவும்மா. அந்துருண்டை பட்டா அணு உடைஞ்சு ஒண்ணுக்குல வரும். தாய்வழியா ஆம்பளப் பிள்ளைங்களுக்கு வர்றது. உங்கண்ணனுக்கும் இதேதான் இருந்திருக்கும், அவனுக்கு அந்த மலேரியா மாத்திரை ஆகல."

ரத்தம் ஏற்றினார்கள். பையன் பிழைத்தான்.

அடுத்த சந்தையில் பாவாயி இரண்டு சிவப்பு முடிச்சுகளோடு சாமியார் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, இதுல நீங்க மந்திரிச்சது எதுங்க?"

சாமியார் இரண்டையும் முகர்ந்தார். ஒன்றை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினார். "இதுதான். உச்சி வரைக்கும் சக்தி ஏறுது."

"ரெண்டும் நான் கட்டினதுங்க. உங்களுது டாக்டரம்மாகிட்ட இருக்குது. இந்த உருண்டைங்க கீழ பஸ் ஸ்டாண்டு கக்கூசுல கெடந்துச்சு."

சாமியார் நெற்றியைத் துடைத்தார். துடைத்த கையோடு பஸ்ஸைப் பிடித்தார்.

கருப்பண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்போ கக்கூசுலயும் சாமி இருக்குதுங்களா?"

அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கண்ணில் ஒற்றும் பொருளை நாமும் முதலில் மூக்கில் வைத்துப் பார்க்கலாம். மூக்குக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இன்னொரு சாமானும் இருக்கிறது. அதை அந்துருண்டை போட்டுப் பூட்டி வைத்தது போதும்.