சக்திக்கல்லின் தீர்த்தம்

ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்படியொரு கூட்டத்தைத் தீமிதிக்குக்கூட யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் ஒரு சக்தி தூங்குகிறதாம். கண்டுபிடித்தவர் சக்தியானந்த சாமி. அதை எழுப்ப ஒரு நாள் கூலி. மனிதர்களை எழுப்பவே படாத பாடு படும் தோட்டத்தில் இது மலிவுதான்.

சான்றுக்கு ஒரு கருங்கல் இருந்தது. மாலை போட்டு, குங்குமம் அப்பி, குடம் குடமாக அபிஷேகம் செய்வார்கள். பக்தர் தூக்குவார், அசையாது.

"பாத்தீங்களா? சக்தி தூங்குது!" என்பார் சாமி.

பக்தர் கண்ணை மூடி மந்திரம் சொல்லுவார். கல்லின் அடியிலிருந்த துவாரத்தில் தீர்த்தம் வழியும். கூட்டம் சொம்போடு முண்டியடித்துக் குடிக்கும். தீர்த்தம் நின்றதும் பக்தர் மறுபடி தூக்குவார். கல் பூவாய் எழும்பும்.

ரப்பர் மரம் சீவும் கிருஷ்ணம்மாவும் தூக்கினாள். அவளுக்கு அவசரம். புருஷன் செத்த பிறகு ரப்பர் பால் வாளி சுமக்க ஆளில்லை.

"மாசக் கடைசிக்குள்ள ரெண்டு வாளியையும் நீயே பால் நிறுக்கிற ஸ்டோருக்குத் தூக்கிட்டு வரணும். இல்லே, புல்லு வெட்டப் போ" என்று கங்காணி காளியப்பன் சொல்லிவிட்டார். புல் வெட்டினால் பாதிக் கூலி. அதில் பிள்ளைகளின் வயிறு நிறையாது.

கல்லைத் தூக்கிய அன்று அவள் அழுதாள். தனக்குள் ஏதோ இருக்கிறதென்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மறுநாள் வாளிகளைத் தூக்கினாள். விழித்த சக்தி ரப்பர் காட்டுக்கு வரவில்லை. பால் காலில் கொட்டியது.

"மறுபடி தூங்கிருச்சுடி! இன்னொரு தடவ எழுப்பிக்க" என்றாள் பக்கத்து வீட்டு ராஜம்மா. அவள் வாராவாரம் எழுப்புகிறவள்.

கிருஷ்ணம்மாவிடம் காசில்லை. வேலை முடிந்ததும் வாளிகளில் பாதி தண்ணீர் நிரப்பி லயத்து வீடுகளைச் சுற்றி நடந்தாள். அடுத்த நாள் ஒரு குவளை கூடுதலாக. தோள் புண்ணானது. நடந்தாள். ஒரு மாலை, சுமை மெல்ல மெல்ல லேசானது. விழித்துக்கொண்டதா? நெஞ்சு குதிக்கத் திரும்பிப் பார்த்தாள். வாளியில் ஓட்டை. வழியெல்லாம் ஈரம்.

அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லிலிருந்து வழிந்த தீர்த்தம் நினைவுக்கு வந்தது. போன காசு வலிக்கவில்லை. அன்று அழுத அழுகைதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை ராஜம்மாவின் முறை. அவள் மந்திரம் சொல்லத் தொடங்கியதும், கிருஷ்ணம்மா தீர்த்தம் பிடிப்பவள்போல் குனிந்து, வாளி ஓட்டையை அடைத்ததுபோலவே, உறைந்த ஒட்டுப்பால் உருண்டையொன்றைத் துவாரத்தில் திணித்தாள். சொட்டு வரவில்லை. ராஜம்மா கண் திறந்து தூக்கினாள். கல் அசையவில்லை.

சாமிக்கு வேர்த்தது. "நம்பிக்கை இல்லாதவ யாரோ இங்க இருக்கா!"

"நான்தான் சாமி. உங்க சக்தி முழிச்சுத்தானே இருக்கு? நீங்க தூக்குங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சாமி வேட்டியை இறுக்கிக் கட்டி, முக்கி, முனகித் தள்ளினார். கல் மேடையிலிருந்து உருண்டு உடைந்தது. குபுகுபுவென்று தண்ணீர். ஆயர் ஈத்தாம் மண்பாண்டச் சூளையில் சுட்டு, தாரும் மணலும் பூசிய பானை! மாலைக்கடியில் அபிஷேகத் தண்ணீர் இறங்க ஒரு வாய்.

"ஐயோ, அலமாக்! நாங்க குடிக்கக் குடிக்கத்தான் கல்லு எளைச்சுதா?" என்றாள் ராஜம்மா. அதற்குள் சாமியின் சக்தி கால்களில் விழித்துக்கொண்டது. ரயிலடி வரை அது தூங்கவேயில்லை.

மாதக் கடைசியில் கிருஷ்ணம்மா இரண்டு வாளிப் பாலையும் ஸ்டோரில் இறக்கினாள். பால் சிந்தவில்லை. "புல்லுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் கங்காணி.

வெளியே ராஜம்மா மாலையோடு காலில் விழுந்தாள். பின்னால் பெருங்கூட்டம்.

"தாயே! என்னா மந்திரம் சொன்னீங்க?"

"எந்திரிங்கக்கா. நாளைக்கு வாளியக் கொண்டாங்க, நடக்கலாம்."

நடக்க வேண்டுமா? கூட்டம் கலைந்தது. அடுத்த தோட்டத்தில் புதிதாக ஒரு சாமி வந்திருக்கிறாராம்.

போகிறவர்களே, போங்கள். தீர்த்தம் குடிக்கும் முன் சாமியின் கல்லை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அப்படியே உங்கள் தலையையும். இரண்டில் எது காலி என்று தெரிந்துகொண்டு குடியுங்கள்.